கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடும் கொள்ளையர்கள்! உங்கள் கடை தயாரா?

கல்லிடைக்குறிச்சி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன?

அப்பளம்!

தாமிரபரணி ஆற்றின் ஒரு கரையில் அம்பாசமுத்திரம். மறு கரையில் கல்லிடைக்குறிச்சி. உளுந்து மாவில் பிரண்டைச் சாறு சேர்த்துப் பிசைந்து, இடித்து, உருட்டி, வட்டமாகத் தேய்த்துக் காய வைக்கும் அப்பளத்தால் பெயர் பெற்ற ஊர் அது.

அந்த ஊரில் 1982-ம் ஆண்டு ஒரு பெரிய திருட்டு நடந்தது. குலசேகரமுடையார் கோவிலில் இருந்த நடராஜர், சிவகாமி அம்மன், மாணிக்கவாசகர், ஸ்ரீபலி நாயகர் ஆகிய சிலைகளைத் திருடர்கள் கொண்டுபோய்விட்டார்கள். போலீசார் தேடினார்கள். துப்பு கிடைக்கவில்லை. வழக்கை மூடிவிட்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து, அந்த நடராஜர் ஆஸ்திரேலியாவில் இருப்பது தெரியவந்தது! அடிலெய்டு நகரில் உள்ள தெற்கு ஆஸ்திரேலியக் கலைக்கூடம் 2001-ம் ஆண்டில் அதை விலைக்கு வாங்கியிருந்தது.

அது கல்லிடைக்குறிச்சி நடராஜர்தான் என்று எப்படி நிரூபித்தார்கள்?

ஒரு போட்டோவால்!

திருட்டுக்கு முன்பே எடுக்கப்பட்ட அந்தப் படம் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பத்திரமாக இருந்தது. அதோடு சிலையை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உண்மை வெளிவந்தது. 37 ஆண்டுகளுக்குப் பிறகு, 2019-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் நடராஜர் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்தார்.

அந்தப் படம் கோவிலுக்குள்ளேயே இருந்து, அதுவும் திருட்டுப் போயிருந்தால்? நடராஜர் இன்றும் அடிலெய்டில்தான் இருந்திருப்பார்!

"சிலைத் திருட்டுக்கும் என் கடைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. இன்றைய திருடன் கடைக்குள் வராமலே கடையைப் பூட்டுகிறான். அப்போது உங்களைக் காப்பாற்றப் போவதும், வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் ஒரு நகல்தான்.

சனிக்கிழமை காலை

ஒரு சனிக்கிழமை காலையைக் கற்பனை செய்து பாருங்கள்.

கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கடை. முதலாளி சாமி படத்துக்குப் பூப் போட்டுக்கொண்டிருக்கிறார். கணக்கு எழுதும் பையன் கம்ப்யூட்டரைப் போடுகிறான்.

"அண்ணாச்சி! கொஞ்சம் இங்க வாங்க."

"என்ன தம்பி? கரண்டு இல்லையா?"

"கரண்டு இருக்கு அண்ணாச்சி. கணக்குதான் இல்லை. எதைத் தொட்டாலும் திறக்க மாட்டேங்குது. சிவப்பா ஏதோ எழுதியிருக்கு."

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார். "உன் கணக்குகள் எங்கள் பூட்டில் இருக்கின்றன. சாவி வேண்டுமானால் மூன்று நாளில் பணம் கட்டு. தவறினால் எல்லாம் அழியும்" என்று இருக்கிறது.

வாசலில் வாரக் கூலி வாங்கப் பெண்கள் காத்து நிற்கிறார்கள். யார் வீட்டுக்கு எத்தனை கிலோ மாவு போயிற்று, யார் எத்தனை அப்பளம் தேய்த்துக் கொடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். வெளியூர் வியாபாரிகள் தர வேண்டிய பணமும் அதற்குள்தான்.

முதலாளி யாருக்கு எவ்வளவு கொடுப்பார்? யாரிடம் எவ்வளவு கேட்பார்?

இந்தக் கடை கற்பனை. ஆனால் இந்தக் கொள்ளை கற்பனை அல்ல!

பூட்டு எப்படி விழுகிறது?

இந்தக் கொள்ளைக்கு "ரான்சம்வேர்" என்று பெயர். பிணைப்பணம் கேட்கும் வைரஸ் என்று சொல்லலாம்.

பிள்ளையைக் கடத்திப் பணம் கேட்பவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறான். இவன் கணக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுகூட இல்லை. உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் எழுத்துகளையும் எண்களையும் ரகசியக் கணக்குப்படி தாறுமாறாக மாற்றிவிடுகிறான். திரும்ப நேராக்கும் சாவி அவன் கையில் மட்டும் இருக்கும். சாவி இல்லாமல் அந்தப் பூட்டை உடைப்பது பெரும்பாலும் முடியாத காரியம்.

இப்போது இன்னொரு தந்திரமும் செய்கிறார்கள். பூட்டுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறார்கள். "பணம் தராவிட்டால் உன் வாடிக்கையாளர் விவரங்களை ஊர் அறிய வெளியிடுவேன்" என்று மிரட்டுகிறார்கள்.

இது நேற்று முளைத்த திருட்டு அல்ல. 1989-ம் ஆண்டிலேயே ஜோசப் பாப் என்ற அமெரிக்கர் சுமார் 20 ஆயிரம் பிளாப்பி தட்டுகளைத் தபாலில் பல நாடுகளுக்கு அனுப்பினார். எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று மேலே எழுதியிருந்தது. போட்டுப் பார்த்தவர்களின் கம்ப்யூட்டர் பிறகு முடங்கியது. பனாமா நாட்டில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பும்படி திரையில் எழுத்து வந்தது!

மலைக்கு அந்தப் பக்கம்

"பெரிய கம்பெனிகளைத்தானே தாக்குவார்கள்? நம்மை யார் சீந்தப் போகிறார்கள்?" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு.

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி "வான்னாகிரை" என்ற வைரஸ் உலகத்தைக் கலக்கியது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள் முடங்கின. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின.

அதே வைரஸ் நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்கும் வந்தது. வயநாடு மாவட்டத்தில் தரியோடு என்ற கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்தில் கம்ப்யூட்டர்கள் பூட்டிக்கொண்டன. 300 டாலர் கேட்டது வைரஸ்! பஞ்சாயத்து அலுவலகத்தில் என்ன புதையலா இருக்கிறது?

வைரஸ் ஆள் பார்த்து வருவதில்லை. திறந்து கிடக்கும் கதவைப் பார்த்து வருகிறது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்திலேயே வெளியிட்டுவிட்டது. போட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

பேனாவும் பேப்பரும்

2022-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் தாக்கப்பட்டன. நாடெங்கும் இருந்து நோயாளிகள் வந்து குவியும் இடம் அது. சீட்டுப் பதிவு, சோதனை முடிவு எல்லாம் நின்றன. டாக்டர்களும் ஊழியர்களும் சுமார் இரண்டு வாரம் கையால் எழுதி வேலை பார்த்தார்கள்.

எய்ம்ஸ் எப்படி மீண்டது? பாதிக்கப்படாத ஒரு நகல் கம்ப்யூட்டர் இருந்தது. அதிலிருந்து விவரங்களை எடுத்துப் புதிய கம்ப்யூட்டர்களில் ஏற்றினார்கள். பாராளுமன்றத்தில் மத்திய அரசே இதைத் தெரிவித்தது. உள்ளே கம்ப்யூட்டர்களை முறையாகப் பிரித்து வைக்காததே கொள்ளையர் நுழையக் காரணம் என்றும் அரசு கூறியது.

2024-ம் ஆண்டு ஜூலை கடைசியில் "சி-எட்ஜ்" என்ற கம்பெனி தாக்கப்பட்டது. சிறிய கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கம்ப்யூட்டர் சேவை தரும் கம்பெனி அது. மற்ற வங்கிகளுக்குப் பரவாமல் இருக்க அதன் தொடர்பை உடனே துண்டித்தார்கள். அதனால் சுமார் 300 சிறு வங்கிகளில் பணப் பரிமாற்றம் தடைப்பட்டது. ஆனால் ஆபத்து அதோடு நின்றது. மறுநாளே தொடர்பு திரும்பியது.

கல்லிடைக்குறிச்சி விவசாயிகளுக்கு இது எளிதில் புரியும். கன்னடியன் கால்வாயில் வெள்ளம் மிஞ்சினால் என்ன செய்வார்கள்? மடையை அடைப்பார்கள். அதே வேலைதான் இதுவும்!

158 வயதுக் கம்பெனி

இங்கிலாந்தில் கே.என்.பி. என்று ஒரு லாரிக் கம்பெனி இருந்தது. வயது 158. சுமார் 500 லாரிகள். இன்சூரன்சும் எடுத்திருந்தது. 2023-ம் ஆண்டில் கொள்ளையர்கள் உள்ளே புகுந்தார்கள். ஓர் ஊழியரின் எளிய பாஸ்வேர்டை ஊகித்தே புகுந்ததாகக் கருதப்படுகிறது. கணக்கு எல்லாம் பூட்டப்பட்டது. அதே ஆண்டில் கம்பெனி மூடப்பட்டது. சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள்.

ஒரு பாஸ்வேர்டு. 700 குடும்பங்கள்!

டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் கம்பெனியின் கதை வேறு மாதிரி. 2017-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதன் கம்ப்யூட்டர்கள் உலகெங்கும் ஒரே நாளில் அழிந்தன. மும்பை அருகே நவசேவா துறைமுகத்தில் அதன் பகுதியும் முடங்கியது. யார் எந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கலாம் என்ற முக்கியப் பதிவேட்டின் நகல்களும் எங்கும் இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் தப்பியிருந்தது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில்! அது தப்பியது எப்படி? வைரஸ் வந்த நேரத்தில் அங்கே கரண்டு கட்! இணைப்பு அறுந்து கிடந்ததால் வைரஸ் அதை எட்டவில்லை. அதை வைத்தே கம்பெனி மறுபடி எழுந்தது.

இணைப்பில் இல்லாத நகல் பிழைக்கும். மேர்ஸ்க்குக்கு அது அதிர்ஷ்டத்தால் கிடைத்தது. நாம் அதைத் திட்டமிட்டே செய்துகொள்ளலாம்.

உங்கள் கடைக்கு எத்தனை மார்க்?

கீழே 10 கேள்விகள் இருக்கின்றன. கடையில் கம்ப்யூட்டர் பார்ப்பவரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். "ஆம்" என்று மனசாட்சிப்படி சொல்ல முடிந்தால் 10 மார்க். "பாதி" என்றால் 5. "இல்லை" என்றால் பூஜ்யம்.

1. எந்தக் கணக்கு இல்லாவிட்டால் கடை நின்றுபோகும் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? வரவேண்டிய பாக்கி, கூலிக் கணக்கு, ஆர்டர், ஜி.எஸ்.டி. விவரம் என்று வரிசையாக எழுதுங்கள். எதைக் காப்பது என்று தெரியாமல் காவல் போட முடியாது.

2. அந்தக் கணக்குகளுக்குக் குறைந்தது மூன்று பிரதிகள் இருக்கின்றனவா? ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று தனி ஹார்டு டிஸ்க்கில். ஒன்று கடைக்கு வெளியே, வீட்டிலோ இன்டர்நெட் பெட்டகத்திலோ. ஹார்டு டிஸ்க்கை நகல் எடுத்ததும் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பூட்டிய பெட்டிக்குள்ளேயே மாற்றுச் சாவியை வைத்ததுபோல் ஆகிவிடும்!

3. அந்த நகலைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பலர் தவறுவது இங்கேதான். மாதா மாதம் நகல் எடுப்பார்கள். தேவைப்படும் நாளில் அது வெறும் தட்டாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, போன வாரக் கூலிக் கணக்கு சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

4. கம்ப்யூட்டரின் திருத்தங்களை அவ்வப்போது போடுகிறீர்களா? விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டன. பழைய கம்ப்யூட்டர் என்றால் விவரம் தெரிந்தவரிடம் உடனே கேளுங்கள். திருட்டு சாப்ட்வேர் போட்டால், அதோடு வைரஸையும் சேர்த்து அழைத்து வரும் ஆபத்து உண்டு.

5. பாஸ்வேர்டு உறுதியானதா? கடைப் பெயரும் 123-ம் சேர்ந்தால் அது பாஸ்வேர்டு அல்ல. ஈமெயிலுக்கும் கணக்கு சாப்ட்வேருக்கும், பாஸ்வேர்டோடு போனில் வரும் எண்ணையும் கேட்கும்படி செய்துவிடுங்கள். அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள்.

6. வெளியே இருந்து யார் யார் உள்ளே வரலாம் என்று தெரியுமா? ஆடிட்டர் ஆபீஸ், சாப்ட்வேர் சர்வீஸ் ஆள் ஆகியோர் தூரத்தில் இருந்தே உங்கள் கம்ப்யூட்டரை இயக்குவது உண்டு. வேலை முடிந்ததும் அந்த வழியை மூடுகிறார்களா? வேலையை விட்டுப் போனவரின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா?

7. கணக்குக் கம்ப்யூட்டர் தனியாக இருக்கிறதா? அதிலேயே பிள்ளைகள் விளையாட்டை இறக்குவதும், சினிமா பார்ப்பதும் கூடாது. எய்ம்ஸ் சொல்லித் தந்த பாடம் இது.

8. ஈமெயிலில் வரும் வலையை ஊழியர்கள் அறிவார்களா? "உங்கள் பில் பாக்கி", "கூரியர் திரும்பிவிட்டது", "வரி நோட்டீஸ்" என்று வந்ததும் தட்டிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் தெரிந்த நம்பருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். தெரியாமல் தட்டிவிட்ட பையனைத் திட்டாதீர்கள். திட்டுக்குப் பயந்து மறைத்தால் வைரஸுக்குத்தான் கொண்டாட்டம்.

9. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கிறீர்களா? கம்ப்யூட்டரில் எழுதி வைத்தால் அதுவும் பூட்டிக்கொள்ளும்! என்ன எழுதுவது என்பதைப் பின்னால் பாருங்கள்.

10. ஒரு வாரம் கம்ப்யூட்டர் இல்லாமல் கடை நடத்த முடியுமா? அச்சடித்த பில் புத்தகம், கூலி நோட்டு, முக்கிய வியாபாரிகளின் போன் நம்பர் எழுதிய டயரி கைவசம் இருக்க வேண்டும்.

கூட்டிப் பாருங்கள்.

80-க்கு மேல் என்றால் சபாஷ்! ஆனால் அடுத்த ஆண்டும் கூட்டிப் பாருங்கள். 50 முதல் 80 வரை என்றால் பூஜ்யம் விழுந்த கேள்வியை இந்த மாதமே சரிசெய்யுங்கள். 50-க்குக் கீழ் என்றால் மற்ற வேலையைத் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. 2-வது, 3-வது கேள்விகளில் பூஜ்யம் வாங்கிவிட்டு மற்ற எட்டிலும் முழு மார்க் வாங்கினாலும் நீங்கள் பாஸ் இல்லை! மற்றவை திருடனைத் தடுக்கும் வேலி. திருடன் வந்து போன பிறகு கடையைத் திறக்க வைப்பது நகல் ஒன்றுதான்.

தாக்கிவிட்டால்?

முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்குங்கள். வைபையை அணையுங்கள். ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் எதையும் மாட்டாதீர்கள். நகல் நம்மிடம் இருக்கிறதே என்ற அவசரத்தில் அதை மாட்டி, அதையும் பறிகொடுத்துவிடாதீர்கள்.

மிரட்டல் எழுத்தைப் போனில் படம் பிடியுங்கள். எதையும் அழிக்காதீர்கள். அது சாட்சியம்.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகார் பதியலாம். நிறுவனங்கள் இத்தகைய தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் "செர்ட்-இன்" என்ற மத்திய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ம் ஆண்டில் உத்தரவு போடப்பட்டிருக்கிறது.

பணம் கொடுத்துவிடலாமா? கொடுத்தால் சாவி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மேர்ஸ்க் கம்பெனியைத் தாக்கிய வைரஸ் பணம் கேட்டதே ஒரு நடிப்பு. எவ்வளவு கொடுத்தாலும் திறக்க முடியாத பூட்டு அது. "லாக்பிட்" என்ற கொள்ளைக் கும்பலை 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் பல நாட்டுப் போலீசார் சேர்ந்து முடக்கினார்கள். பணம் கொடுத்தவர்களின் விவரங்களும் அழிக்கப்படாமல் அந்தக் கும்பலிடம் அப்படியே இருந்தன!

சில பழைய பூட்டுகளுக்கு இலவச மாற்றுச் சாவி உண்டு. ஐரோப்பியப் போலீஸ் அமைப்பும் மற்றவர்களும் 2016-ம் ஆண்டில் தொடங்கிய "நோ மோர் ரான்சம்" என்ற இணையதளத்தில் அவை கிடைக்கின்றன. பூட்டிய கணக்கைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். இன்று இல்லாத சாவி நாளை வரலாம்.

மேகம் பார்த்து

அப்பளம் காயப் போட்ட பெண்கள் ஒரு கண்ணை வானத்தில் வைத்திருப்பார்கள். மேற்கே மேகம் கறுத்தால் போதும். முதல் தூற்றல் விழுமுன் பாயும் அப்பளமும் வீட்டுக்குள் போய்விடும். நனைந்த பிறகு ஓடிப் பயன் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்த உஷார் கணக்குப் பெட்டிக்கும் வேண்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு லீவு. ஒரு ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்க் கணக்குகளை நகல் எடுங்கள். கழற்றுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வையுங்கள்.

அரை நாள் வேலை. அடுத்த சனிக்கிழமை என்ன நடந்தாலும், அப்பளம் தேய்த்த கைகளுக்குக் கூலி தவறாமல் போய்ச் சேரும்!